வாங்குகிறவனே வேடன்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. விடியற்காலையில் திண்ணைக்கு வந்தால் மேற்கே கல்வராயன் மலை நீலமாய் நிற்கும். அதைக் காண்பதற்காகவே அந்த அழைப்பை ஏற்றேன் என்றாலும் பொய்யில்லை. ஆனால் அன்று என் கண்ணில் முதலில் பட்டது மலையன்று. மலைக்கும் எனக்கும் நடுவே உத்தரத்தில் தொங்கிய ஒரு கம்பிக்கூண்டு. அதனுள் இரு பறவைகள். சாம்பல் நிற மேனி, கரிய தலை, பஞ்சை ஒட்டவைத்தாற்போல் வெண்ணிறக் கன்னம், உடலுக்குச் சற்றும் பொருந்தாத தடித்த செவ்வலகு. கம்பிக்குக் கம்பி தாவிக்கொண்டே இருந்தன.

“ஜாவாக் குருவி, ஐயா” என்றார் நண்பர் பெருமிதத்தோடு. நான் ஒன்றும் கேட்காமலேயே, பலரும் பலமுறை கேட்டிருப்பார்கள் போலும், மூன்று விடைகளை அடுக்கினார். இது வெளிநாட்டுப் பறவை, நம் நாட்டு வனவிலங்குச் சட்டம் இதைத் தொடாது என்பது ஒன்று. கூண்டிலேயே பிறந்தது, காட்டைக் கண்டறியாதது, திறந்துவிட்டால் காக்கை கொத்திவிடும் என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்கு உயிர்கள்மீது அன்பு வரவேண்டுமே, அதற்காகத்தான் என்பது மூன்றாவது.

நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் வீட்டு இட்டிலியை உண்டு, விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன். உண்ட வீட்டில் எதிர்வாதம் செய்யாமைக்கு நாகரிகம் என்று எனக்கு நானே பெயர் சூட்டிக்கொண்டேன். உண்மையில் அது துணிவின்மை. அன்று சொல்லாமல் விழுங்கியதை இன்று எழுதுகிறேன். நண்பர் இவ்விதழின் வாசகர். படிப்பார் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பறவையின் ஊரைப் பற்றிப் பேசுவோம். மணிமேகலைக் காப்பியம் பயின்றவர்களுக்குச் சாவக நாடு புதிதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து அரசாண்டதாகச் சொல்லப்படும் அந்நாட்டை இன்றைய ஜாவாவோடு பொருத்திக் காண்பது வழக்கம். அந்த ஜாவாவும், அதன் கிழக்கே உள்ள பாலியும், அவற்றையொட்டிய சிறு தீவுகளுமே இக்குருவியின் தாயகம். உலகில் வேறெங்கும் இது இயற்கையாய்த் தோன்றியதில்லை. நெல் விளையும் தீவுகளின் நெல்வயற் பறவை அது. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயருக்கே ‘அரிசி உண்பது’ என்றுதான் பொருள். பயிரைத் தின்கிறது என்று உழவன் பிடித்தான். பார்க்க அழகாயிருக்கிறது என்று வணிகன் பிடித்தான். முன்னவன் பிடித்ததற்கேனும் பசி என்றொரு காரணம் இருந்தது. பின்னவன் பிடித்ததற்குக் காரணம், எங்கோ ஒரு திண்ணையில் எவரோ ஒருவர் காலையில் எழுந்து பார்க்க விரும்பியது மட்டுமே.

ஜாவா மக்களின் பழைய மரபில் நிறைவாழ்வு வாழும் ஆண்மகனுக்கு ஐந்து உடைமைகள் வேண்டும் என்பர்: வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை. மனைவியை உடைமைப் பட்டியலில் சேர்த்த அம்மரபைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். ஐந்தாவதாய் வரும் பறவை வானத்துப் பறவையன்று, கூண்டுப் பறவை. அம்மரபு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஜாவாத் தீவின் வீடுகளில் மட்டும் ஆறரைக் கோடிக்கு மேல், எட்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாகப் பறவைகள் கூண்டுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அனைத்து இனங்களும் சேர்ந்த கணக்கு இது. தமிழ்நாட்டு மக்கள் ஒவ்வொருவரையும் கூண்டிலடைத்தால் எத்தனை கூண்டு வேண்டுமோ ஏறத்தாழ அத்தனை! அங்கே காடுகள் ஓசையடங்கி வருகின்றன என்று பறவையியலார் புலம்புவதில் வியப்பென்ன? ஒருகாலத்தில் மேகம்போல் வயல்களில் இறங்கிய ஜாவாக் குருவி, இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். அதே குருவி, கூண்டுகளிலிருந்து தப்பி, ஹவாய்த் தீவுகளின் புல்வெளிகளில் கூட்டங்கூட்டமாய் மேய்கிறது. பிறந்த மண்ணில் தேடித் திரிந்து காணவேண்டியதாயும், அயல் மண்ணில் அகதியாய்ப் பெருகியும் வாழ்கிற இவ்வுயிரின் கதையை ஈழத்துத் தமிழரைச் சுற்றத்தாராய்க் கொண்ட நமக்கு நான் விளக்கவும் வேண்டுமோ?

ஆக, ‘வெளிநாட்டுப் பறவை’ என்னும் சொல் ஒரு சமாதானமே தவிர நியாயமாகாது. அயலூரில் களவாடிய பொருள் என்பதனால் அது களவில்லை என்று ஆகிவிடுமா? அதுவும் போகட்டும், சட்டம் தொடாது என்றாரே, அதுவும் இன்று உண்மையில்லை. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் ஜாவாக் குருவி இடம்பெற்றுள்ளது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம், அவ்வுடன்படிக்கையில் கண்ட உயிர்களுக்கெனத் தனிப் பட்டியலையே சட்டத்தில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்தாக வேண்டும். கூண்டுக்குத் தினை வாங்கிப் போடுகிறவர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. அப்படியொரு விதி இருப்பதே தெரியாது என்று என்னிடம் சொன்னவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறேன். இதுவரை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இனி இரண்டாவது விடை: ‘கூண்டிலேயே பிறந்தது.’ இதில் பாதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் விற்கும் ஜாவாக் குருவிகளில் பெரும்பாலானவை வளர்ப்பிற் பிறந்தவையாகவே இருக்கலாம். அவற்றைத் திறந்துவிடச் சொல்லவும் நான் வரவில்லை. கூண்டையன்றி வேறொன்றறியாத பறவையைக் காட்டில் விடுவது அருளன்று; அயல்நாட்டுப் பறவையை நம் காட்டில் விடுவது நம் பறவைகளுக்கும் நல்லதன்று. ஆனால் என் நண்பர் அப்பறவைகளை வாங்கிய கடையின் பின்புறத்தை அவர் பார்த்திருக்கிறாரா?

நான் பார்த்திருக்கிறேன். அதே கடை என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்துச் சந்தையொன்றில், இத்தகைய கடையொன்றின் பின்புறம். மூங்கிற் கூடையொன்றின்மீது சாக்கு மூடியிருந்தது. சாக்கை விலக்கியதும் பச்சை, சிவப்பு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் சின்னஞ்சிறு குருவிகள் ஒன்றன்மேலொன்றாய் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. “லவ் பேர்ட்ஸ் குட்டி” என்று ஒரு தாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை நீலநிறக் குருவியைக் கைநீட்டிக் கேட்டது. வாசகர்களே, உலகில் எந்தக் காட்டிலும் அந்த நீலத்தில் அப்படியொரு குருவி இல்லை. அது சாயம். சாயத்தின் அடியில் இருந்தது நம் வயலோரத்துப் புள்ளிச் சில்லை. நம்மவர் தினைக்குருவி என்றும் நெல்லுக்குருவி என்றும் அழைக்கும் பறவை. செம்பழுப்பு முதுகு, வெண்மார்பில் மீன்செதிலைப்போல் கரும்பழுப்பு வரைகள். எடையோ பதினைந்து கிராம் அளவே. ஆண்டவன் தீட்டிய அத்தனை நுணுக்கமான ஓவியத்தின்மீது துணிச்சாயத்தைப் பூசி விற்கிறான் மனிதன். அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சாயம் போய்விடும், அதுவரை உயிர் கிடந்தால்.

இந்தச் சாயக் கொடுமை நம்மூருக்கு மட்டும் உரியதன்று. வடஇந்தியப் பறவைச் சந்தைகளை ஆராய்ந்த அப்ரார் அகமது இதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். 1990-91 முதல் இந்தியப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் முற்றாகத் தடைசெய்யப்பட்டுவிட்டன. சில்லையும் அத்தடையில் அடக்கம். குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை. தண்டத்தொகையும் 2022 திருத்தத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. சட்டத்தின் பல்லுக்குக் குறைவில்லை. கடிப்பதுதான் இல்லை.

இந்த இரு வணிகங்களுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் கேட்பார். ஜாவாக் குருவியைத் திண்ணையில் தொங்கவிடும் வீட்டைப் பார்த்து, அடுத்த வீட்டுப் பிள்ளை அழுகிறது. அவ்வீட்டுத் தகப்பனிடம் அத்தனை பணமில்லை. அவர் சந்தைக்குப் போகிறார். கூடைக்காரர் பாதிக்கும் குறைவான விலையில் நீலக்குருவி தருகிறார். ஏன் குறைவு? கூண்டில் வளர்த்த பறவைக்குத் தீனிச்செலவு உண்டு, இடம் வேண்டும், காலம் வேண்டும். மலையடிவாரத்தில் வலைவீசிப் பிடித்த பறவைக்கு அதெல்லாம் கிடையாது. பத்தில் நான்கு வழியிலேயே இறந்தாலும் வணிகனுக்கு இழப்பில்லை. காட்டுப் பறவை எப்போதும் வளர்ப்புப் பறவையைவிட மலிவாகவே இருக்கும். ஆதலால் கூண்டுப் பறவை என்னும் ஆசை ஊரில் இருக்கும்வரை வலையும் இருக்கும். பணக்காரன் திண்ணையில் சட்டப்படி தொங்கும் கூண்டு, ஏழையின் திண்ணையில் சட்டத்துக்குப் புறம்பாய்த் தொங்கும் கூண்டுக்கு விளம்பரப் பலகை.

ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். பறவைக் கடைகளில் ‘பெங்காலி’ என்றொரு வெள்ளைக் குருவி விற்பார்கள். அதையும் வெளிநாட்டுப் பறவை என்பார்கள். அதற்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் சீனத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வெண்முதுகுச் சில்லையைத் தலைமுறை தலைமுறையாய்க் கூண்டில் பழக்கி உருவாக்கிய வளர்ப்பினம் அது. அந்த வெண்முதுகுச் சில்லை நம் தென்னாட்டு மலைச்சாரல்களிலும் வாழ்கிறது. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் அதில் தனித்தனி உள்ளினங்களே உண்டு. நம் தோப்புக்கு வரும் பறவையின் பங்காளியைத்தான் நாம் அயல்நாட்டு அதிசயம் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். கூண்டினத்தின் பாட்டு காட்டினத்தின் பாட்டைவிடச் சிக்கலாய் வளர்ந்திருப்பதாக ஜப்பானிய அறிஞர் ஒக்கனோயா கண்டறிந்ததை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, கூண்டிலே பறவை மகிழ்ச்சியாகப் பாடுகிறது என்று வாதிடுவோரும் உளர். பாட்டின் அமைப்பை அளக்கலாம்; மகிழ்ச்சியை அவர் அளந்ததாக நான் படிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒருவரை நான் காப்பாற்றியாக வேண்டும். இப்பேச்சு வந்தால் நம்மில் நாகரிகமானவர்கள் உடனே விரல் நீட்டுவது குருவி பிடிக்கும் நரிக்குறவரை நோக்கித்தான். அல்லது மலைமேல் வாழும் மலையாளி மக்களை நோக்கி. வேட்டையே வாழ்வாயிருந்த ஒரு சமூகத்தின் தொழிலை 1972-இல் ஒரே கையெழுத்தில் குற்றமாக்கினோம். வேறு தொழில் கொடுத்தோமா? அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றவே 2022 டிசம்பர் ஆயிற்று. இடையில் அரை நூற்றாண்டு! வலையோடு பிடிபடுபவன் பெயர் நாளேட்டில் வருகிறது, படத்தோடும் வருகிறது. அவனிடம் வாங்கியவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அவர் ஆசிரியராயிருப்பார், அதிகாரியாயிருப்பார், கோயிலிலும் முன்வரிசையில் நிற்பார். நான் சொல்கிறேன்: வலை வீசியவன் கூலியாள், வாங்கியவரே வேடர். வாங்கிப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடுவோரும் இதில் விலக்கல்லர். அவர் பத்துக் குருவியை விடுவித்த செய்தி கூடைக்காரருக்கு எட்டினால், மறுவாரம் இருபது குருவி பிடிபடும்.

சுவிசேஷத்தில் இறைவன் குருவியை மறப்பதில்லை என்னும் பகுதியை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆனால் அப்பகுதி ஒரு சந்தைக் காட்சியிலிருந்து தொடங்குகிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை. மத்தேயு தரும் விலைப்படி ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா தரும் விலைப்படி இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு; விலையே இல்லாதது. அக்காலத்தில் அது ஏழையின் இறைச்சி, பசிக்காக வாங்கினான். நாம் தின்பதற்காக வாங்கவில்லை, பார்ப்பதற்காக வாங்குகிறோம், ஆகையால் அவனைவிட நாம் மேலானவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் தேவாலயத் திருவிழாக்களின் கடைவீதியிலும் அந்தச் சாக்கு மூடிய கூடையை நான் கண்டதுண்டு. சப்பரம் அதைக் கடந்து சென்றது; பாடகர் குழு கடந்தது; நானும் கடந்தேன்.

மூன்றாவது விடைக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு அன்பு கற்பிக்கவாம்! எதைக் கற்பிக்கிறது கூண்டு? சில்லை ஒருநாளும் தனித்து வாழ்வதில்லை. ஐம்பதாய், நூறாய்ச் சேர்ந்தே மேயும். ஒன்று எழுந்தால் மொத்தமும் எழும். முட்செடியில் புல்லால் பந்துபோல் கூடு பின்னி, பக்கவாட்டில் வாசல் வைத்து, ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். பால்பிடித்த புல்மணியைத் தேடிக் கொணர்ந்து குஞ்சுக்கு ஊட்டும். இதில் எது கூண்டில் நடக்கிறது? பிள்ளை காண்பது, தாவுவதற்கு இடமின்றித் தாவும் ஓர் உயிரையும், அதைப் பார்த்து மகிழும் தன் தந்தையையும். தனக்குப் பிடித்தவர்களை அடைத்துவைத்துக்கொள்வதே அன்பு என்று அப்பிள்ளை கற்றுக்கொண்டால், வளர்ந்தபின் அதன் மனைவியோ மகளோ அந்தப் பாடத்தின் பயனை அனுபவிப்பர். ஜாவா மரபின் ஐந்து உடைமைகளை மேலே சொன்னேன். பறவையும் மனைவியும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பறவை காட்ட விரும்பினால், நண்பரே, உங்கள் வீட்டிலிருந்து மலை எத்தனை தொலைவு? கோமுகி அணையைத் தாண்டிச் சாலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. இரண்டாயிரம், மூன்றாயிரம் அடி உயரத்தில், சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மண் அது. கதிர் முற்றும் பருவத்தில் வயலோரத்தில் அரைமணி நேரம் அமைதியாய் நின்றால் போதும். பிள்ளைகள் கேட்காமலேயே காட்சி வரும்.

அல்லது, வந்துகொண்டிருந்தது என்று சொல்லவேண்டுமோ? இங்கேதான் என் வாதம் கூண்டோடு நிற்க மறுக்கிறது. வலைக்குத் தப்பிய குருவிக்கு வயலில் என்ன வைத்திருக்கிறோம்? சரிவுகளில் இன்று எங்கு நோக்கினும் மரவள்ளி, மக்காச்சோளம். மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்கடியில். குருவிக்கு அதில் ஒரு மணியும் இல்லை. அது ஆத்தூருக்கும் சேலத்துக்கும் லாரியேறிச் சவ்வரிசியாகிறது. 1981-இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுக்குப் பின் சவ்வரிசிக்கேனும் ஒரு முறையான சந்தை அமைந்தது. சாமைக்கு அப்படி யார் இருந்தார்கள்? உமி நீக்கக் கையுரலில் நாள் முழுதும் இடிக்கவேண்டிய தானியத்தை, கேட்பாரற்ற விலைக்கு விற்க எந்த உழவன் விதைப்பான்? மலையாளி உழவனை நான் குறைகூற மாட்டேன்.

பறவை தின்றுவிடுகிறது, அதனால்தான் சாமை போடுவதில்லை என்று சிலர் சொல்வர். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மையின் தலைகீழ். மலை முழுதும் சாமை விளைந்தபோது குருவி தின்ற பங்கு நூறு வயல்களுக்கும் பகிர்ந்தது. எவருக்கும் அது சுமையாகத் தோன்றவில்லை. இன்று தொண்ணூறு வயல்கள் மரவள்ளிக்கு மாறிவிட்டால், எஞ்சிய பத்து வயல்களில் மலையின் குருவி அனைத்தும் வந்து இறங்கும். அந்தப் பத்துப்பேரும் அடுத்த ஆண்டு கைவிடுவர். குருவி பெருகியதால் சாமை அழியவில்லை. சாமை சுருங்கியதால் குருவி பாரமாயிற்று. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காத்ததைப் பாடிய நம் முன்னோர், பறவை விரட்டத் தட்டை, குளிர், தழல் என்று எத்தனை கருவிகள் வைத்திருந்தனர் என்பதைக் குறிஞ்சிப்பாட்டில் காணலாம். அத்தனையும் ஓசை எழுப்பி ஓட்டும் கருவிகள். ‘இங்கே வேண்டாம், அங்கே போ’ என்று சொல்ல அன்று ஓர் ‘அங்கே’ இருந்தது.

2023-ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. முன்மொழிந்தது நம் இந்தியாதான். நகரத்து அங்காடிகளில் சாமை அழகிய பொட்டலங்களில் வந்தமர்ந்தது, சாமை விதைத்தவன் கனவிலும் காணாத விலையில். அந்த விலையில் எத்தனை பங்கு வெள்ளிமலை ஏறிச் சென்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வாரத்தில் ஒருவேளை சாமைச் சோறு, அதுவும் மலையுழவரிடமிருந்தே நேரடியாக வாங்கியது என்று ஒரு முடிவு எடுத்தால், பறவைகளைப் பற்றிய ஆயிரம் சொற்பொழிவைவிட அது சில்லைக்கு உதவும். இதைச் செய்ய எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை.

நண்பரே, உங்கள் திண்ணையிலிருக்கும் அந்த இரண்டையும் வெளியே விடாதீர்கள். பதிவு செய்யுங்கள், இன்னும் பெரிய கூண்டாய் அமைத்து, அவை இருக்கும்வரை நன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப்பின் மட்டும் வேறு வாங்காதீர்கள். அடுத்த சாமைப் பருவத்தில் உங்கள் பிள்ளைகள் இருவரையும் என்னோடு வெள்ளிமலைக்கு அனுப்புங்கள். காலை முதற் பேருந்துக்கே வந்துவிடுகிறேன். அன்று உங்கள் வீட்டில் சொல்லாமல் வந்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். இட்டிலி நன்றாயிருந்தது.